மொய்யில் வந்த முத்திரைத்தாள்

அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்டு ஆலைகளில் ஒன்றின் எடைமேடையில் பாக்கியராஜ் எழுத்தராக இருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும் அதன் எடையைக் குறிப்பார். கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியின் எடையைக் குறிப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டுக் கொடுப்பார். 1995-இல் வேலைக்குச் சேர்ந்தது முதல் அவருடைய கழித்தலில் பிழை இருந்ததாக ஆலையில் எவரும் சொன்னதில்லை.

சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. தகப்பனாரின் முந்திரித் தோப்பு நான்கு மகன்களுக்குப் பிரிந்தபோது, மூன்றாமவரான இவர் பங்குக்கு வந்த துண்டு வேலிச் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகாததாக இருந்தது. அதை மூத்தவருக்கே விட்டுக்கொடுத்து, அவர் கொடுத்த தொகையைத் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு, மனைவி தெரசம்மாளுடன் அரியலூரில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்தார். அங்கே பத்தாண்டுகள் கழிந்தன. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. வாடகை மூன்று முறை ஏறியது.

பாக்கியராஜ் எந்த விசேஷத்தையும் தவறவிடாதவர் என்பது உறவிலும் ஆலையிலும் பரவலாகத் தெரிந்த செய்தி. கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, சாமியார் வந்து ஆசீர்வதிக்கும் வீடு மந்திரிப்பு என்று எந்த அழைப்பு வந்தாலும் போவார். பந்தியில் உட்காருவதற்கு முன்பே மொய் மேசைக்குப் போய்ப் பணத்தை வைத்துப் பெயரை எழுதச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் தம் நோட்டிலும் அதைக் குறித்துக்கொள்வார். உள்ளூர் வழக்கப்படி, வைத்த மொய் வைத்தவர் வீட்டில் விசேஷம் நடக்கும்போது திரும்பி வரும். வரும்போது சிறிது கூட்டி வரும். பாக்கியராஜ் இதைச் சேமிப்பு என்றே கருதினார்.

"பேங்க்ல போட்டா பாஸ்புக் நம்ம கையில இருக்கும், கை அரிக்கும். மொய்யில போட்டா நாம போயிக் கேட்டாக்கூட ஒருத்தனும் குடுக்கமாட்டான். இதைவிடப் பத்திரமான பெட்டி எது?" என்பார்.

"பெட்டி பத்திரமாத்தான் இருக்கு. சாவிதான் ஊரான் கையில இருக்கு" என்பாள் தெரசம்மாள்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. மூத்தவள் கிறிஸ்டி முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது, உறவினர் எல்லோரும் விருந்தை எதிர்பார்த்தார்கள். பாக்கியராஜ் சம்மதிக்கவில்லை. சின்ன விசேஷத்துக்கு அழைத்தால் பாதி மொய்தான் வரும், மீதிப் பேர் அடுத்த விசேஷத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள், சொந்த வீடு வாங்கும்போது ஒரே பந்தலில் மொத்தத்தையும் வாங்குவதே முறை என்று சொல்லிவிட்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் கேக் கொடுத்ததோடு அந்த நாள் முடிந்தது.

2005-ஆம் ஆண்டின் கடைசியில் செந்துறை சாலையை ஒட்டிய ஒரு தெருவில் அவருக்கு வீடு அமைந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், மேலே தளம், பின்னால் கிணறு. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுப்பவராக இருந்து ஓய்வுபெற்ற வேணுகோபாலும் அவர் மனைவி லீலாவதியும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருந்தார்கள். ஒரே மகள் திருச்சியில் இருந்ததால், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பேசியிருந்தார்கள். அங்கே மார்ச் மாத நடுவில் பணம் கட்டியாக வேண்டும்.

விலை மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று முடிவானது. டிசம்பர் பதினான்காம் தேதி கிரைய ஒப்பந்தம் எழுதினார்கள். முன்பணம் நாற்பதாயிரம், கெடு மூன்று மாதம், கெடுவுக்குள் வாங்குபவர் பதிவு செய்துகொள்ளாவிட்டால் முன்பணத்தை இழக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை வேணுகோபால் தயங்கித்தான் வாசித்தார். லீலாவதி தயங்கவில்லை.

"திருச்சியில எங்களுக்கும் இதே மாதிரிதான் எழுதியிருக்காங்க. நீங்க பிசகினா நாங்க பிசகுவோம். அதனால சொல்றேன், மனசுல ஒன்னும் வெச்சுக்காதீங்க" என்றார்.

முன்பணத்துக்காகத் தெரசம்மாளின் நகைகள் அடகுக்குப் போயின. இன்னொரு நாற்பதாயிரம் தபால் நிலையத்திலிருந்த தோப்புப் பணம். மீதி இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைப் பெரம்பலூரில் ஒரு வங்கி, சம்பளச் சீட்டைப் பார்த்து, வீட்டுக் கடனாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மூன்றையும் கூட்டினால் விலை வந்துவிடுகிறது. பாக்கியராஜின் மனத்தில் கணக்கு அத்துடன் முடிந்திருந்தது. வீடு பதிவானபின், ஈஸ்டர் கழிந்து மந்திரிப்பு விருந்து வைத்து, வரும் மொய்யில் நகைகளைத் திருப்புவது என்பது அவருடைய திட்டம்.

ஜனவரி மாதம் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தர் முருகையனின் கடைக்குப் போனார். முருகையன் பழைய பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, எல்லைகளைக் குறித்துக்கொண்டு, கேட்டார்:

"பத்திரத்துல என்ன தொகை போடறது?"

"பேசின தொகைதாங்க. மூணு அறுபது."

முருகையனின் பேனா நின்றது. "அந்தத் தெருவுக்குக் கைட்லைன் கணக்குப்படி ரெண்டு லட்சம்தான் வரும். கவர்மெண்டு அதுக்குக் கீழ எழுதக் கூடாதுங்குது, ஊரு அதுக்கு மேல எழுதமாட்டேங்குது. நீங்க என்ன அரிச்சந்திரன் வகையறாவா?"

"ஏங்க, உண்மையை எழுதினா என்ன?"

"எழுதலாம். நூத்துக்கு எட்டு ரூவா முத்திரை, ஒரு ரூவா பதிவுக் கட்டணம். மூணு அறுபதுக்குப் போட்டுப் பாருங்க."

பாக்கியராஜுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. முப்பத்திரண்டாயிரத்து நானூறு. அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியிருந்தது.

"இதை யாருங்க கட்டறது? வூட்டுக்காரரா?"

"வாங்கறவர்தான்."

"பேங்க்ல இதையும் சேத்துக் குடுப்பாங்கல்ல?"

"பேங்க்காரன் வூட்டுக்குக் கடன் குடுப்பான். காகிதத்துக்குக் குடுக்கமாட்டான். அதோட, அவன் செக் பதிவு அன்னைக்குத்தான் வரும். முத்திரைத்தாள் அதுக்கு முன்னாடியே ரொக்கமா வாங்கி வெச்சிருக்கணும். தாள் இருந்தாத்தானே நான் எழுத முடியும்? இன்னும் இருக்கு, கேளுங்க. முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்கணும். பேங்க் வக்கீலுக்கு, வூட்டை வந்து பாக்கற இஞ்சினியருக்கு, பேங்க்கோட கட்டணத்துக்கு, எழுத்துக் கூலிக்கு... எல்லாம் சேத்து ஒரு ஆறாயிரத்து அறநூறு வெச்சுக்குங்க."

"முப்பத்தொம்பதாயிரம்" என்றார் பாக்கியராஜ்.

"ஆமா."

"அப்ப ஊர் வழக்கப்படி ரெண்டு லட்சம்னே எழுதிடுங்க."

"தாராளமா எழுதறேன். ஆனா பேங்க்காரன் பத்திரத்துல இருக்கற தொகையில நூத்துக்கு எம்பதுக்கு மேல குடுக்கமாட்டான். ரெண்டு லட்சத்துக்கு ஒன்னு அறுபதுதான் கெடைக்கும். உங்களுக்கு ரெண்டு எம்பது வேணும். பாக்கியை எந்த மரத்துல உலுக்குவீங்க? கையில ரொக்கம் வெச்சிருக்கறவன் கொறச்சு எழுதறான். கடன் வாங்கறவனுக்கு அந்த வசதி கெடையாது." பேனாவை மூடிவைத்தார் முருகையன். "நீங்க எடைமேடையில இருக்கறவரு. மேடையில கல்லு மட்டுமா ஏறுது, லாரியும் சேந்துதானே ஏறுது? நீங்க கல்லை மட்டும் எடை போட்டுட்டு வந்திருக்கீங்க சார்."

அன்று மாலை பாக்கியராஜ் தெரசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அடகு வைக்க இனி ஒன்றும் இல்லை. வட்டிக்கு விடுபவரிடம் போனால் வங்கித் தவணையும் வட்டியும் சேர்ந்து சம்பளத்தைத் தின்றுவிடும். முப்பத்தொன்பதாயிரம் கிடைக்காவிட்டால் வீடும் இல்லை, முன்பணமாகக் கொடுத்த நாற்பதாயிரமும் இல்லை. நகைகள் அடகிலேயே மூழ்கிப்போகும். தெரசம்மாள் அழவில்லை. வெறும் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

பாக்கியராஜ் மொய் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகக் கூட்டினார். திரும்பி வரவேண்டியது நாற்பத்தாறாயிரம். விருந்துச் செலவு ஏழாயிரம் என்று கழித்தால் முப்பத்தொன்பதாயிரம். அவர் முகம் தெளிந்தது.

"மந்திரிப்பை முன்னாடி வெச்சுடலாம்" என்றார்.

"எந்த வூட்டுல?"

"அந்த வூட்டுலதான்."

"இன்னும் நம்ம பேருக்கே வராத வூட்டையா?"

"மந்திரிச்சாத்தான் பேருக்கே வரும்."

"பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே வளைகாப்பு வெக்கிற கதையால்ல இருக்கு! ஊரான் வூட்டு வாசல்ல பந்தலைப் போட்டு, நம்ம மொய்யை வாங்கி, அவங்களுக்கே குடுக்கப் போறீங்களா?"

"அவங்களுக்கு இல்ல, கவர்மெண்டுக்கு."

தேதியும் அவர்கள் கையில் இல்லை. மார்ச் முதல் தேதி திருநீற்றுப் புதன். அன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கிறிஸ்தவ வீடுகளில் விருந்து கிடையாது. அழைத்தாலும் எவரும் வரமாட்டார்கள். ஒப்பந்தக் கெடுவோ மார்ச் பதினான்கில் முடிகிறது. எனவே பிப்ரவரி இருபத்தாறு, தவக்காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிறு என்று குறித்தார்கள்.

வேணுகோபால் வீட்டுக்கு இருவருமாகப் போனார்கள். பாக்கியராஜ் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வேணுகோபால் மனைவியைப் பார்த்தார். லீலாவதி கேட்டார்.

"குடிவந்து உக்காந்துகிட்டு அப்பறம் பதிவு பண்ணமாட்டேன்னா நாங்க என்ன செய்யறது?"

"குடி வரலைங்கம்மா. காலையில பந்தல், சாயங்காலம் பிரிச்சுடுவோம். நீங்களும் கூடவே இருங்க" என்றாள் தெரசம்மாள்.

"உங்க சாமியாரு வந்து தண்ணி தெளிப்பாரா?"

"தெளிப்பாருங்க."

"எந்தச் சாமி தண்ணி தெளிச்சாலும் நல்லதுதான். ஆனா பூஜை அலமாரியில எங்க முருகன் இருப்பாரு, வெளக்கும் எரியும். அதை எடுக்கச் சொல்லக் கூடாது."

"எடுக்கச் சொல்லமாட்டோம்."

"அப்ப நடத்துங்க. பாத்திரம் மட்டும் என்னோடதைத் தொடாதீங்க. கட்டி வெச்சாச்சு."

பங்குச் சாமியாரிடம் போனபோது அவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்பய்யா குடி போறீங்க?"

"அதுக்கு இன்னும் நாளாகுங்க சாமி."

"குடியிருக்கற வீட்டைத்தான மந்திரிப்பாங்க? இப்ப யாரு இருக்கா?"

"வித்தவங்க சாமி. இன்னும் விக்கலை. விக்கப்போறவங்க."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பாக்கியராஜ் முத்திரைத்தாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். "வீட்டுல இருக்கறவங்களுக்குச் சம்மதம்னா நான் வரேன். அவங்களுக்கும் சேத்துத்தான் செபிப்பேன், பரவாயில்லையா?" என்றார் சாமியார். பரவாயில்லை என்றார் பாக்கியராஜ்.

இருபத்தாறாம் தேதி காலையிலேயே பந்தலும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. மொய் மேசையில் தெரசம்மாளின் தம்பி ஜான் பீட்டர் உட்கார்ந்தான். ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். பத்து மணிக்குச் சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பூஜை அலமாரிக்கு முன்னால் வந்தபோது கையைத் தாழ்த்திக்கொண்டு விளக்கு அணையாமல் தெளித்ததை லீலாவதி கவனித்தார்.

பாக்கியராஜ் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருந்தார். தவக்காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிறு என்பதைக் கணக்கிட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். வரதராஜன்பேட்டையில் மட்டும் அன்றைக்கு ஒரு கல்யாணமும் இரண்டு காதுகுத்தும் இருந்தன. உறவினர் வீடுகளில் விசேஷத்துக்கு ஒருவர் வீதம் பிரிந்துபோனார்கள். அரியலூருக்கு வந்தவர்கள் வராதவர்களின் மொய்யையும் கொண்டுவந்தார்கள். சிலர் கொண்டுவர மறந்தார்கள். பதினொன்றரை மணிக்கு, எதிர்பார்த்த கூட்டத்தில் முக்கால் பங்கே வந்திருந்தது. ஆட்டுக்கறி விலையோ அந்த வாரம் ஏறியிருந்தது.

அந்த நேரத்தில் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அமாவாசை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மொய் மேசைக்கு வந்தார்.

"வேணுகோபால் சாருக்கு எழுதுங்க தம்பி. அமாவாசை, இரநூத்தம்பது."

"இது பாக்கியராஜ் வூட்டு விசேசங்க" என்றான் ஜான் பீட்டர்.

"பாக்கியராஜ் யாரு?"

"இந்த வூட்டை வாங்கப்போறவரு."

"வாங்கப்போறவருக்கு நான் எதுக்கு மொய் வெக்கணும்? எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேணு சார் நூத்தம்பது எழுதினாரு. இன்னைக்கு அவரு வாசல்ல பந்தல் போட்டிருக்கு, மைக்கு பாடுது. எழுதாம போனா நாளைக்கு எம் மூஞ்சியில முழிப்பாரா?"

அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு இருசம்மாள் நின்றாள். "ஊரைவிட்டே போறாங்களாமே! கடனோடயா அனுப்பறது? எழுதுய்யா, முன்னூறு" என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தத் தெருவும் அடுத்த தெருவும் நின்றன. வேணுகோபாலும் லீலாவதியும் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தத் தெருவின் எல்லா விசேஷங்களுக்கும் எழுதியவர்கள். ஒரே மகளின் கல்யாணத்தைத் திருச்சியில் நடத்தியபோது, தூரம் என்று பாதிப் பேர் போகவில்லை. அந்தக் கடன் நின்றுவிட்டது. வேணுகோபால் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்ததும், அவர்கள் ஊருக்கு விடைசொல்லி வைக்கும் விருந்து என்றே தெரு முடிவுசெய்துவிட்டது.

ஜான் பீட்டர் எழுந்து வந்து பாக்கியராஜைப் பந்திப் பக்கமாக இழுத்தான். "மாமா, அவங்க பாட்டுக்கு நோட்டா நீட்றாங்க. எல்லாம் ஒரே தட்டுலதான் விழுது. சேத்தே எழுதிடவா?"

பாக்கியராஜ் தட்டைப் பார்த்தார். தமக்கு வரவேண்டியதில் குறையப்போவது எவ்வளவு என்பதும், அந்தத் தட்டில் சேர்ந்துகொண்டிருப்பது எவ்வளவு என்பதும் அவர் மனத்தில் தாமாகவே கூடிக்கொண்டிருந்தன.

"வேற வண்டிச் சரக்கை நம்ம சீட்டுல ஏத்தக் கூடாது மாப்ள. தனிப் பக்கம் போடு, தனித் தட்டு வெய்யி" என்றார்.

"நம்ம சோத்தைத் தின்னுட்டு அவங்களுக்கு மொய் எழுதறாங்க மாமா!"

"சோத்துக்குப் பேரு போட்டா வெச்சிருக்கு? போயி எழுது."

மாலை ஐந்து மணிக்குப் பந்தல் பிரிந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எண்ணினார்கள். பாக்கியராஜின் பக்கத்தில் முப்பத்தொன்பதாயிரத்து நானூறு. தெருவே வந்து சாப்பிட்டதால் விருந்துச் செலவு எட்டாயிரத்து நானூறு ஆகியிருந்தது. மிஞ்சியது முப்பத்தோராயிரம். எண்ணாயிரம் குறைந்தது. தெரசம்மாள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். கெடுவுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் கேட்கக்கூடிய உறவினர் எல்லோரும் அன்று காலையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வேணுகோபாலின் தட்டில் பதினோராயிரத்து எழுநூறு இருந்தது. லீலாவதி கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிரித்துத் தம்முடைய பழைய மொய் நோட்டை எடுத்துவந்து, ஜான் பீட்டர் எழுதிய பக்கத்தோடு வரிவரியாக ஒப்பிட்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"நாம வெச்சது ஆறாயிரம் வந்துடுச்சு. இனி வராதுன்னு தலைமுழுகின காசு. சந்தோசம். ஆனா மேல அஞ்சாயிரத்து எழுநூறு இருக்கே, இதை என்ன பண்றது?" என்று கணவரிடம் கேட்டார்.

"அவங்களா ஆசையா வெச்சதுதானே?"

"ஆசையில ஒன்னும் வெக்கல. இது புது மொய், நம்ம தலையில ஏத்தின கடன். இருசம்மா பேத்திக்குக் காதுகுத்துன்னா திருச்சியிலேருந்து பஸ் ஏறி வருவீங்களா? அமாவாசை மகன் கல்யாணத்துக்கு வருவீங்களா? வராம இருந்தா, வாங்கித் தின்னுட்டுப் போயிட்டாங்கன்னு இந்தத் தெரு பேசும்."

லீலாவதி நோட்டை மூடினார். கிணற்றடிப் பக்கம் திரும்பி, "தெரசம்மா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் வந்ததும் அந்த ஐயாயிரத்து எழுநூற்றைப் பாயில் தனியாக வைத்தார்.

"இதை நீங்க எடுத்துக்குங்க. முத்திரைக்கு ஆகட்டும். ஆனா சும்மா இல்ல. இந்தத் தெருவுல யாரு வூட்டு விசேசம்னாலும் நீங்க போயி எழுதணும். யாருக்கு எவ்வளவுன்னு பாத்துக் குறிச்சுக்குங்க."

பாக்கியராஜ் உடனே கையை நீட்டவில்லை. முருகையன் முப்பது ஆண்டுகளுக்கு எடுத்துக் கொடுத்த வில்லங்கச் சான்று அவர் பையில் இருந்தது. வீட்டின்மேல் எந்தப் பாரமும் இல்லை என்று அதில் கண்டிருந்தது. இப்போது ஒரு தெருவின் கடனை அவர் ஏற்க வேண்டும். எடுத்துக்கொண்டபின் ஏதாவது காரணத்தால் பதிவு நின்றுபோனால், வீடு இல்லாமல் வீட்டின் கடன் மட்டும் தம்மிடம் தங்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தார்.

"நாங்க எழுதினா அவங்க ஒத்துக்குவாங்களா?" என்று தெரசம்மாள்தான் கேட்டாள்.

பந்தல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த அமாவாசையை லீலாவதி உள்ளே அழைத்துக் கேட்டார். அமாவாசைக்கு விஷயம் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எனக்கென்னங்க, வேணு சார் கையில இருந்து வந்தா என்ன, இவரு கையில இருந்து வந்தா என்ன? எம் மகன் கல்யாணத்துக்கு இந்த வாசல்லேருந்து ஒரு ஆளு வந்து எழுதினா சரி. தெருவுல நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, "ஆனா இவரு கறிக்கொழம்பு நல்லா போடறாரு, அடிக்கடி விசேசம் வெக்கச் சொல்லுங்க" என்றார்.

தெரசம்மாள் பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பாக்கியராஜ் அந்தப் பக்கத்தைத் தம் நோட்டில் படியெடுக்கத் தொடங்கினார்.

பிறகும் இரண்டாயிரத்து முந்நூறு குறைந்தது. மறுவாரம் முத்திரைத்தாள் வாங்கும் பணத்தைக் கட்டப் போனபோது அதை முருகையனிடம் சொன்னார்.

"என் எழுத்துக் கூலி ரெண்டாயிரத்து ஐநூறு அந்தக் கணக்குலதான இருக்கு? அதை இப்பக் குடுக்காதீங்க. ஐநூறை மொய்யா எழுதிக்குங்க, நானும்தான் அன்னைக்கு வந்து சாப்பிட்டேன். மிச்ச ரெண்டாயிரத்தை வர்ற சம்பளத்துல குடுங்க" என்றார் முருகையன். "எம் பையனுக்குப் பொண்ணு பாத்துகிட்டிருக்கோம். அந்த ஐநூறு ஞாபகம் இருக்கட்டும்."

மார்ச் பதின்மூன்றாம் தேதி, கெடுவுக்கு முந்திய நாள், பத்திரம் பதிவானது. வங்கியிலிருந்து வந்த அலுவலர் செக்கை வேணுகோபாலிடம் கொடுத்துவிட்டு, பதிவான பத்திரம் வங்கிக்கே வரவேண்டும் என்று, அதைத் திரும்பப் பெறுவதற்கான ரசீதை வாங்கிக்கொண்டார். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். பெற்றுக்கொண்டதாக வேணுகோபால் சொன்னார். விரல் மையைத் துடைக்க இருவருக்கும் ஒரே துணி கிடைத்தது. வெளியே வந்ததும் பாக்கியராஜின் சட்டைப் பையில் இருந்த சில்லறை நால்வருக்கும் காப்பிக்குப் போதுமானதாக இருந்தது; குடித்தார்கள். அந்த வாரமே வேணுகோபாலும் லீலாவதியும் திருச்சிக்குப் போனார்கள். நகைகள் அடகிலிருந்து திரும்ப அடுத்த ஆண்டு ஆகஸ்டு வரை ஆயிற்று.

புதுவீட்டுக்கு வந்தபின் தெருவில் நடந்த முதல் விசேஷம், மே மாதத்தில், இருசம்மாள் பேத்தியின் காதுகுத்து. பாக்கியராஜ் நோட்டைப் பார்த்தார். இருசம்மாள் பெயருக்கு நேரே புது மொய் நூறு என்று இருந்தது. நூற்றைம்பதை எடுத்துக்கொண்டு தெரசம்மாளுடன் எதிர்வீட்டுப் பந்தலுக்குப் போனார். மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் இருசம்மாளின் மருமகன், வெளியூர்க்காரர். ஊரையும் பேரையும் சொல்லுங்கள் என்றார். மொய்யில் ஊர் முன்னாலும் பேர் பின்னாலும் எழுதுவது வழக்கம். பாக்கியராஜ் எங்கு போனாலும் வரதராஜன்பேட்டை என்று சொல்லியே பழகியவர். இங்கே என்ன சொல்வது என்று ஒரு கணம் தயங்கினார்.

"இதுல என்ன ரோசனை? வேணு சார் வூட்டு பாக்கியராஜுன்னு போடுங்க மாப்ள" என்றார் வரிசையில் பின்னால் நின்ற அமாவாசை.

"வேணு சார் வூடா? முப்பத்தொம்பதாயிரம் குடுத்து எங்க பேருக்கு மாத்தியிருக்கோம்!" என்றாள் தெரசம்மாள்.

"அது கவர்மெண்டுக்குத் தெரியும்மா. தெருவுக்கு நாளாகும்."

மருமகன் அதற்குள் எழுதி முடித்திருந்தார். பாக்கியராஜ் குனிந்து, தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார்.